பூவாளி இயல்: பிள்ளைகளுக்குப் பொறுப்பு புகட்டும் முறை குறித்த சிற்றாய்வு

திருமணச் சடங்கு பற்றியும் ஈமச் சடங்கு பற்றியும் தமிழில் நூல்கள் நிறைய உண்டு. இவ்விரண்டின் கூறுகளையும் ஒருங்கே கொண்ட பள்ளி மரக்கன்று நடு விழா மட்டும் ஏனோ ஆய்வாளர் கண்ணில் படாமலே கிடக்கிறது. ஷாமியானா, சந்தனம், பன்னீர், பொன்னாடை, இனிப்பு என்று மங்கலமாகத் தொடங்கும் இந்நிகழ்ச்சி, ஒரு குழியில் எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் தள்ளுவதோடு முடிகிறது. இடைப்பட்ட நேரத்தில் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பொறுப்பு வந்துவிடுகிறது என்பது கல்வித் துறையின் துணிபு. அத்துணிபை ஐயுறுவது என் நோக்கமன்று. பொறுப்பு யாரிடமிருந்து வருகிறது, எவ்வழியாக வருகிறது, வந்தபின் எங்கே வைக்கப்படுகிறது என்பவற்றை மட்டும் முறையாகப் பதிவுசெய்ய விழைகிறேன்.

முதலில் சட்டம். 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அரசியலமைப்பில் அடிப்படைக் கடமைகளைச் சேர்த்தது. அதன்படி வந்த 51-ஏ பிரிவின் ஜி உட்பிரிவு, காடு, ஏரி, ஆறு, காட்டுயிர் உள்ளிட்ட இயற்கைச் சூழலைப் பேணுவதும் உயிர்களிடத்தில் இரக்கம் கொள்வதும் ஒவ்வொரு குடிமகனுக்கும் கடமை என்கிறது. வயது வரம்பு எதுவும் சொல்லவில்லை. சட்டம் விட்டுவைத்த அந்த இடத்தை நடைமுறை நிரப்பிக்கொண்டது. இக்கடமை ஆறாம் வகுப்பில் தொடங்கி ஒன்பதாம் வகுப்போடு நிறைவுறும். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு இருப்பதால் அவ்வயதினர் இயற்கையைப் பேண வேண்டியதில்லை. பன்னிரண்டில் மறுபடி பொதுத்தேர்வு, பிறகு நுழைவுத்தேர்வு, வேலை, கல்யாணம், வீட்டுக்கடன். குடிமகன் மீண்டும் இயற்கையின் பக்கம் திரும்புவது சிறப்பு விருந்தினர் ஆகும் வயதில்தான்.

1991 நவம்பர் 22 அன்று, வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே போனது. சினிமா கொட்டகைகளில் சுற்றுச்சூழல் பற்றிய ஸ்லைடுகளை இலவசமாகக் காட்ட வேண்டும், பள்ளி கல்லூரிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்றது. ஸ்லைடு என்ன ஆயிற்று என்று சொல்வதற்கில்லை. அந்த நேரத்தில் மக்கள் வெளியே முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பாடம் நிலைத்தது. பாடமாகிவிட்ட ஒன்றை என்ன செய்ய வேண்டும் என்பது நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மனப்பாடம் செய்தார்கள். ‘சுற்றுச்சூழலை நீ எவ்வாறு பாதுகாப்பாய்?’ என்பது ஐந்து மதிப்பெண் வினா. விடை ஐந்து குறிப்புகளாக இருத்தல் வேண்டும். ஐந்தாவது, மரம் நடுவேன். நான்கோடு நிறுத்திக்கொண்டவனுக்கு நான்கு மதிப்பெண். அவன் எண்பது சதவீதம் பொறுப்புள்ளவன். இத்தனை துல்லியமாகப் பொறுப்பை அளக்கும் கருவி வேறெந்த நாகரிகத்திடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

செய்முறைக்கென்று ஒன்று வேண்டாமா? அதற்காக 2001–02இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தேசிய பசுமைப் படையைத் தொடங்கியது. பள்ளிதோறும் ஒரு மன்றம், அதற்கு ஓர் ஒருங்கிணைப்பாளர். ஒருங்கிணைப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை எளிது: அப்பள்ளிக்குக் கடைசியாக மாறுதலில் வந்த அறிவியல் ஆசிரியர். அவரிடம் ஏற்கெனவே ஜே.ஆர்.சி. என்னும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கமும் வாக்காளர் பட்டியலும் இருக்கும். வேண்டாம் என்று சொல்லப் பழகாதவராக இருப்பது கூடுதல் தகுதி.

அடுத்தது காலம். பயிர்த்தொழிலில் பருவம் முக்கியம் என்று நம் முன்னோர் கருதிவந்தனர். விழா இயல் அவ்வளவு குறுகிய நோக்குடையதன்று. உலகச் சுற்றுச்சூழல் நாள் ஜூன் 5. 1972இல் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் மாநாடு ஸ்டாக்ஹோமில் அன்றுதான் தொடங்கியது. ஸ்டாக்ஹோமில் ஜூன் அருமையான மாதம். இந்திரா காந்தி அம்மாநாட்டுக்கே நேரில் போய்ப் பேசினார். ஆயினும் வடகிழக்குப் பருவமழை நிகழ்ச்சிநிரலில் இடம்பெறவில்லை. வன மகோத்சவத்தை 1950இல் தொடங்கிவைத்தவர் அன்றைய உணவு, வேளாண் அமைச்சர் கே.எம். முன்ஷி, காலம் ஜூலை முதல் வாரம். அவர் குஜராத்துக்காரர். அங்கே ஜூலையில் மழை கொட்டும். ஆகவே குஜராத்தின் மழைக்கும் சுவீடனின் வெயிலுக்கும் இடையே தமிழ்நாட்டுக் கன்று தன் வாழ்வைத் தொடங்குகிறது. இங்கே ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவே பெய்வது. கத்திரி முடிந்த சூடு தரையில் ஆறுமுன்னே குழி வெட்டப்படும்.

ஐப்பசியில் நட்டால் பிழைக்கும் என்று நர்சரிக்காரர்கள் சொல்லத்தான் செய்கிறார்கள். ஐப்பசியில் தீபாவளி, பிறகு ஆட்சியர் அறிவிக்கும் மழை விடுமுறை, அதன் பிறகு, விடுமுறையில் போன பாடங்களை முடிக்கச் சனிக்கிழமை வகுப்பு, பிறகு அரையாண்டுத் தேர்வு. மரம் நடுவதற்கு உகந்த மழை, மரம் நடு விழாவுக்கு உகந்ததன்று. ஷாமியானா ஒழுகும்.

இனி விழா. கன்றின் தண்டு பென்சில் பருமன் இருக்கும். இதைச் சிறப்பு விருந்தினர், ஊராட்சித் தலைவர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், தலைமையாசிரியர், கூண்டு உபயம் செய்தவர் ஆகிய ஐவர் ஒரே நேரத்தில் பற்ற வேண்டும். கூண்டில் உபயதாரர் பெயர் கன்றைவிடப் பெரிதாக எழுதப்பட்டிருக்கும்; இலை அடர்ந்து பெயரை மறைக்கும் அபாயம் நேர்ந்ததாகத் தகவல் இல்லை. ஐந்து கை பிடித்த தண்டில் ஆறாவது கைக்கு இடமில்லாமையால், யாருக்குப் பொறுப்பு வர வேண்டுமோ அந்தப் பிள்ளை பூவாளியோடு ஓரமாக நிற்கும். “பாப்பா, கொஞ்சம் தள்ளிக்கம்மா, சாரை மறைக்குது” என்பார் புகைப்படக்காரர். பூவாளியில் தண்ணீர் இருப்பது உத்தமம்; கட்டாயமில்லை.

கன்று கறுப்பு பாலித்தீன் பையில் வருகிறது. பையைக் கிழித்துவிட்டு நட வேண்டும் என்பது தோட்டக்கலையின் பால பாடம். இல்லையேல் வேர் உள்ளேயே சுருண்டு சுருண்டு தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். கிழித்தால் விருந்தினர் வேட்டியில் மண் கொட்டும் என்பது விழா இயலின் பால பாடம். இரண்டு பாடங்களும் மோதுமிடத்தில் எது வெல்லும் என்று சொல்ல வேண்டியதில்லை. பையோடு குழிக்குள் இறங்கிய கன்றைப் பார்த்து, “சார், பை கிழிக்கல” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வருவது வழக்கம். விவசாய வீட்டுப் பிள்ளையாக இருக்கும். அன்றைய நிகழ்ச்சியில் பொறுப்பு வெளிப்பட்ட ஒரே தருணம் அதுதான். முதுகில் ஒரு தட்டு விழும்.

விழா முடிந்தபின் மிஞ்சுபவை மூன்று: குழி, கன்று, ஃபிளெக்ஸ். இவற்றுள் ஆயுள் நீண்டது ஃபிளெக்ஸ். பி.வி.சி. பூசிய துணியாதலால் மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாது. ‘பூமியைக் காப்போம்’ என்ற எழுத்துகளோடு அது பக்கத்துத் தெருவில் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகிறது. கன்றைத் தின்ற ஆடு அதன் கீழ்தான் படுத்து அசைபோடும். குழி அப்படியே இருப்பதால் மறு ஆண்டுக்கும் ஆகும். மறுபயன்பாடு பற்றிப் பாடநூல் சொல்லும் எல்லா உதாரணங்களிலும் குழிதான் பிள்ளைகள் கண்ணெதிரே நடப்பது.

நிற்க. பொறுப்பின் இயக்கத்தை இனி ஆராய்வோம். பொறுப்பு நீரைப் போன்றது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கே பாயும். இயக்குநரகத்தில் சுற்றறிக்கையாக ஊற்றெடுத்து, முதன்மைக் கல்வி அலுவலரிடம் வந்து, அங்கிருந்து தலைமையாசிரியருக்கு இறங்கி, பசுமைப்படை ஆசிரியரைத் தொட்டு, வகுப்புத் தலைவனிடம் பாய்ந்து, அவன் விரல் நீட்டிய கடைசி பெஞ்சுக்காரனிடம் சேர்கிறது. “டேய், உனக்கு இந்தச் செடி. பட்டுப்போச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்.” அவன் பங்குக்கு அவன் கன்றிடம் ஒப்படைத்துவிடுகிறான். கன்றுக்குக் கீழே ஒப்படைக்க ஆளில்லை. பட்டுப்போகிறது.

இதில் ஓர் ஐயம் எழலாம். பொறுப்பு கீழே வந்ததே, உடன் வேறேதும் வந்ததா? ஆராய்ந்தால், மோட்டார் அறைச் சாவி வரவில்லை என்பது புலனாகும். சாவி அலுவலக மேசையின் இழுப்பறையில் இருக்கிறது. இழுப்பறைச் சாவி எழுத்தரிடம். எழுத்தர் முதன்மைக் கல்வி அலுவலகம் போயிருக்கிறார். பிள்ளைகள் சுவிட்சைத் தொடக் கூடாது என்பது பாதுகாப்பு விதி, நியாயமான விதியும்கூட. ஆனால் விதி வகுத்தவர்கள், தொட்டுத்தர ஒரு பெரியவரை மாலை நாலு மணிக்கு அங்கே நிற்கவைக்கவில்லை. ஆக, ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் உயிர் ஒன்றைக் காக்கும் கடமை இருக்கிறது, தண்ணீர் இல்லை. இந்நிலையைப் பெரியவர்கள் எதிர்கொண்டால் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதி நகல் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பக்குவம் இல்லை. வீட்டுக்குக் கிளம்புமுன் தன் வாட்டர் பாட்டிலில் மிச்சமிருக்கும் கால் பாட்டில் தண்ணீரைக் கன்றின் தூரில் கவிழ்த்துவிட்டுப் போகிறார்கள். சிலர் வாயில் ஒரு மடக்கு வைத்துக்கொண்டு மீதியை ஊற்றுவார்கள். துறையின் பாசனக் கணக்கில் இந்த நீர் சேர்வதில்லை.

கோடை விடுமுறை இதன் அடுத்த கட்டம். பள்ளி மூடிக்கிடக்கும் அந்த வாரங்களில்தான் கன்றுக்குத் தண்ணீர் மிகுதியாக வேண்டும். வாயிலில் பூட்டு. பள்ளிக்குப் பின்தெருவில் வீடிருக்கும் பிள்ளை ஒன்று குடத்தைச் சுவர்மேல் வைத்துத் தானும் ஏறிக் குதித்து ஊற்றிவிட்டு வரும். பள்ளி திறந்ததும் காலை வணக்கக் கூட்டத்தில், விடுமுறையில் சுவரேறிக் குதித்தவர்கள் யார் என்று விசாரணை நடக்கும். செடி துளிர்த்திருப்பதைத் தலைமையாசிரியர் அறிக்கையில் குறிப்பிடுவார். இரண்டு செய்திகளையும் இணைத்துப் பார்க்கும் படிவம் இன்னும் அச்சாகவில்லை.

பண்டைத் தமிழர் இவ்விஷயத்தில் எப்படி நடந்துகொண்டனர்? சான்று நற்றிணையில் இருக்கிறது, 172ஆம் பாட்டு. சிறுமியர் சிலர் வெண்மணலில் விளையாடும்போது புன்னை விதையொன்றை மண்ணில் அழுத்தி வைத்துவிட்டு மறந்துபோனார்கள். அது முளைத்தது. கண்டதும் மகிழ்ந்து நெய் கலந்த பால் ஊற்றி வளர்த்தார்கள். அந்த வீட்டு அன்னை, இது உங்களைவிடச் சிறந்தது, உங்களுக்குத் தங்கை முறை என்று சொல்லிவைத்தாள். பின்னாளில் தலைவன் அம்மரத்தடியில் தலைவியைச் சந்திக்க வந்தபோது தோழி தடுக்கிறாள்: தங்கை பக்கத்தில் நிற்க உன்னோடு சிரித்துப் பேச எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது, வேறு மர நிழல்களும் இருக்கின்றனவே.

இப்பாட்டைக் காதல் பாட்டு என்று தமிழாசிரியர்கள் நடத்திவருகிறார்கள். உண்மையில் இது ஒரு திட்ட மதிப்பீட்டு அறிக்கை. குறைபாடுகள் பல. நடுவிழா நடக்கவில்லை. நெய்யும் பாலும் செடிக்கு ஆகா, எறும்பு மொய்க்கும். சிறப்பு விருந்தினர் இல்லை. தலைவனைச் சொல்லலாமென்றால் அவன் மரம் வளர்ந்தபின்தான் வருகிறான், அவனையும் உள்ளே விடவில்லை. விதைத்தவர்கள் மறந்துபோனார்கள் என்ற அளவில் மட்டும் இன்றைய நடைமுறையோடு ஒத்துப்போகிறது. ஆயினும் விளைவு கவனிக்கத்தக்கது. சிறுவயதில் பால் ஊற்றிய ஒருத்தி, பருவ வயதில் ஆள் வந்து நிற்கும்போதும் மரத்துக்கு மரியாதை கொடுக்கிறாள். எத்தனை விழிப்புணர்வுப் பேரணி நடத்தினாலும் இப்படியொரு நடத்தை மாற்றம் வந்ததாக எந்த நோடல் அலுவலரும் எழுதியனுப்பியதில்லை. அன்னை செய்தது ஒரே காரியம். செடியைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கவில்லை. ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்ததற்கு உறவுமுறை சொன்னாள். அன்றைக்குப் பால்பானைக்குச் சாவி இருந்ததா என்பதும் பாட்டில் இல்லை.

2024 ஜூன் 5 அன்று பிரதமர் தொடங்கிவைத்த இயக்கமும் உறவுமுறையையே பற்றிக்கொண்டது: தாயின் பெயரில் ஒரு மரம். கருத்து நற்றிணைக்கு நெருக்கமானது. வேறுபாடு, இங்கே கன்றோடு நின்று படமெடுத்து இணையத்தில் ஏற்றினால் சான்றிதழ் கிடைக்கும். தாய்க்குச் சான்றிதழ் காட்டலாம். மரத்தைக் காட்டச் சொல்லித் தாய் கேட்டால் அது குடும்ப விவகாரம்.

இனிப் பள்ளி வளாகத்திலேயே நன்கு வளரும் செடிகளைப் பார்ப்போம். வளர்பவை உண்டு. எந்த அரசுப் பள்ளிக்கும் போய்ச் சத்துணவுக்கூடத்தின் பின்புறம் எட்டிப் பாருங்கள். தட்டு கழுவும் குழாயடியிலிருந்து ஒரு மண்வாய்க்கால் போகும். அதன் ஓரத்தில் இரண்டு வாழை, ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, கொஞ்சம் கறிவேப்பிலை. இவற்றை எந்த அமைச்சரும் நட்டதில்லை. சத்துணவு ஆயா எப்போதோ ஒரு வாழைக்கட்டையைக் கொண்டுவந்து ஊன்றியிருப்பார். காமராஜர் காலத்தில் 1956இல் மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவும், 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தன. இவை பிள்ளைகளுக்கான திட்டங்கள் என்பது பொதுக் கருத்து. குழாயடி வாழையின் வரலாற்றில் இவை பாசனத் திட்டங்கள். இப்போது தொடக்கப் பள்ளி வாழைக்கு இருபோகத் தண்ணீர்.

அந்த வாய்க்காலை யார் பராமரிக்கிறார்கள் என்று உற்றுப் பார்க்க வேண்டும். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் தட்டைக் கழுவிவிட்டுக் குந்தி உட்கார்ந்து, குச்சியால் சோற்றுப்பருக்கை அடைத்த இடத்தைக் கிளறிவிடுவான். தண்ணீர் தேங்கிய இடத்தில் காலால் மண்ணை ஒதுக்குவான். முருங்கைக்குப் போதும் என்று தோன்றினால் ஒரு செங்கல்லை நகர்த்தி வாழைப் பக்கம் திருப்புவான். பெரிய பையன் ஒருவன் வந்து அதை மாற்றினால் அங்கே ஒரு நதிநீர்த் தாவாவே நடக்கும். நடுவர் மன்றம் ஆயா. “எலேய், அது நேத்துக் குடிச்சிருச்சு. இதுக்கு விடு.” தீர்ப்பு உடனே அமலுக்கு வரும், மேல்முறையீடு இல்லை. இவர்களில் யாரும் பசுமைப் படையில் இல்லை. பசுமைப் படையில் இருப்பவர்கள் அந்நேரம் ‘நீர் மேலாண்மை’ என்ற தலைப்பில் பேச்சுப் போட்டிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேச்சை எழுதியது அம்மா.

வீட்டின் பங்கும் சொல்லத்தக்கதே. ‘மாசற்ற கிராமம்’ என்ற மாதிரியைத் தெர்மாகோலில் செய்துவரச் சொல்கிறார்கள். தெர்மாகோல் மலை, தெர்மாகோல் வீடு, நீலச் சாயமடித்த தெர்மாகோல் ஆறு. இரவு பதினொன்றரைக்கு அப்பா பிளேடால் அறுத்துக்கொண்டிருக்க, பிள்ளை தூங்கிவிட்டது. கண்காட்சி முடிந்த மறுநாள் அந்தக் கிராமம் பள்ளிக்குப் பின்னால் எரிக்கப்படும். புகை வகுப்பறைக்குள் வரும். சன்னலைச் சாத்திவிட்டுக் காற்று மாசு பாடத்தைத் தொடர்வார்கள்.

துடைப்பம் பற்றியும் ஒரு குறிப்பு தேவை. ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளே வகுப்பறையைப் பெருக்கித் துடைக்கிறார்கள் என்ற காணொளியை வாட்ஸப்பில் அனுப்பாத பெற்றோர் அரிது. தன் பிள்ளை கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டு மறுநாள் காலை தலைமையாசிரியர் அறையில் நிற்பவரும் அவரே. இதில் முரண்பாடு ஏதுமில்லை. பொறுப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் வர வேண்டும். துடைப்பம் குறிப்பிட்ட சில பிள்ளைகளுக்கு வந்தால் போதும். அங்கே முறை வைத்து எல்லோரும் பெருக்குகிறார்கள். இங்கே கழிவறை கழுவ ஆள் தேர்ந்தெடுக்கும்போது மதிப்பெண், உயரம், வருகைப் பதிவு எதையும் பார்ப்பதில்லை. பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று மட்டும் பார்த்த பள்ளிகள் உண்டு. அவ்வப்போது நாளிதழில் செய்தி வரும், வழக்குப் பதிவாகும், ஆசிரியர் இடமாற்றம் பெறுவார். பிள்ளைகளுக்கு நாம் மறக்காமல் கற்றுக்கொடுத்துவிடும் ஒரே சூழலியல் பாடம் இது: அழுக்கு யாருடையது, அதை எடுப்பவர் யார். இந்த ஒன்றுக்கு மறுதேர்வு வைக்க வேண்டிய அவசியம் நேர்ந்ததில்லை.

சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப் பகுதியில் பிள்ளைகள் பொறுப்புக் கற்கும் முறை சற்று வேறு. அங்குள்ள கண்மாய்களுக்கு வடகிழக்குப் பருவத்தில் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன் முதலிய பறவைகள் கூடுகட்ட வரும். 1977இல் அரசு சரணாலயமாக அறிவித்தது. பறவைகள் வரும் பருவமும் தீபாவளியும் ஒன்றாக வந்துவிடுவதால், குஞ்சுகள் மிரளும் என்று ஊரார் பல பத்தாண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. வனத்துறை ஆண்டுதோறும் இனிப்பு கொண்டுவந்து கொடுத்து நன்றி சொல்கிறது.

கல்வியியல் நோக்கில் இது விதிகளுக்குப் புறம்பானது. பட்டாசைத் துறப்பது என்பது எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்கக்கூடிய மிகப் பெரிய விலை. மரம் நடுவேன் என்று ஐந்தாவது குறிப்பாக எழுதுவதற்குச் செலவேதும் இல்லை. லட்சுமி வெடி இல்லாத தீபாவளிக்குச் செலவு உண்டு. ஆயினும் அங்கே பிள்ளைகளை அழைத்து உறுதிமொழி எடுக்கச் சொன்னதால் இது நிலைத்ததாகத் தெரியவில்லை. பெரியவர்கள் வெடிக்கவில்லை. அவர்களுக்கு முந்தைய பெரியவர்களும் வெடிக்கவில்லை. பிள்ளைகள் பார்த்தார்கள், அவ்வளவே. பெரியவர்கள் தாங்கள் ஒன்றை விட்டுக்கொடுத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இம்முறையைப் பிற ஊர்களுக்கு விரிவுபடுத்துவதில் நடைமுறைச் சிக்கல்கள் மிகுதி. அதைவிடப் பேச்சுப் போட்டி சிக்கனமானது.

இறுதியாகப் பனை. மாநில மரம் என்பதாலும் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பதாலும் அண்மைக் காலத்தில் ஏரிக்கரை, கண்மாய்க்கரைகளில் பிள்ளைகளைக் கொண்டு பனைவிதை ஊன்றும் பழக்கம் பரவியிருக்கிறது. மோட்டார் சாவிச் சிக்கலுக்கு இதுவரை கண்ட தீர்வுகளில் இதுவே சிறந்தது. ஆவணியில் பழம் பொறுக்கி, கொட்டையை முழங்கை ஆழத்துக்கும் குறைவான குழியில் போட்டு மூடினால் போதும். விழா இயல் நோக்கில் குறை ஒன்றுண்டு: பனை முதலில் கீழ்நோக்கித்தான் வளரும். மாதக்கணக்கில் மேலே படமெடுக்க ஒன்றும் இருக்காது. பிறகும் ஓர் ஒற்றை ஓலைக்கீற்று. ஆணா பெண்ணா என்று தெரியப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேலாகும். அதற்குள் விதைத்தவன் வாக்காளனாகிவிடுவான். முன்னேற்ற அறிக்கை எழுதும் ஆசிரியர் கரையைப் பார்த்துவிட்டு, முளைக்கவில்லை என்று குறித்துக்கொண்டு திரும்புவார்.

பிள்ளைகள் அப்படித் திரும்புவதில்லை. எந்த ஆலமரத்துக்கு நேராக, எந்தக் கல்லிலிருந்து எத்தனை எட்டு என்று விதைத்தவனுக்குத் தெரியும். கார்த்திகையில் போய்ப் பார்ப்பான். மார்கழியில் இன்னொரு முறை. வேறு யாரும் கிட்ட வராதபடி முள்வெட்டிப் போட்டுவைப்பான். ஆடு வந்தால் கல் விட்டெறிவான். மண்ணில் மெல்லிய வெடிப்பு விட்டிருப்பதை விரலால் தடவிப் பார்த்து, இன்னும் நாளிருக்கிறது என்று மூடிவிட்டு வருவான். இடம் மறவாமை, பருவம் அறிதல், காவல், பொறுமை என்று பொறுப்புக்குச் சொல்லப்படும் இலக்கணம் எல்லாம் அவனிடம் குறைவறக் கூடிவிட்டன. தை பிறந்ததும் கூட்டாளிகளோடு கடப்பாரையுடன் போய்த் தோண்டிக் கிழங்கை எடுத்து, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நார் உரித்துத் தின்றுவிடுகிறான். நான்கைந்து குழிகளை மட்டும் தொடாமல் விட்டுவிடுவான். ஏன் என்று கேட்டால், “அது மரத்துக்கு” என்பான். தின்ற கிழங்குகளைக் கணக்கில் கொண்டுவரப் பசுமைப் படைப் பதிவேட்டில் தனிக் கட்டம் இல்லை. இப்போதைக்கு அவற்றை ‘இயற்கை இழப்பு’ என்ற தலைப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது இவ்வாய்வின் பரிந்துரை.